கரண்டியில் அடித்த நீலம்

மார்ச் 3

அன்புள்ள அத்தான்,

சின்னவளின் உடலை இன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பஞ்சு சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்திருக்கிறேன். தயவுசெய்து கத்தியால் திறக்க வேண்டாம். போன முறை கத்தி பட்டு ஒரு பின்விளக்கு போய்விட்டது. குற்றமாகச் சொல்லவில்லை, நினைவுக்காகச் சொல்கிறேன்.

உங்கள் காருக்குப் பெரியவள் என்றும், அதைப் பார்த்து நாம் செய்யும் பொம்மைக் காருக்குச் சின்னவள் என்றும் நீங்கள் பெயர் வைத்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் எனக்கும் அது பழகிவிட்டது.

கடையில் கிடைத்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் கிட் இரண்டு கதவு வண்டி. பெரியவளுக்கு நான்கு கதவு. அதனால் பழைய கதவுக் கோடுகளைப் பட்டி பூசி அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நான்கு கதவுகளுக்கும் புதிதாகக் கோடு கீறியிருக்கிறேன். இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. இதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் நிஜ வண்டியில் விரல் நுழையும் இடைவெளி. குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான். நேர்கோடு வரும். வளைவு என்றால் கை தயங்கும். பின்கதவின் கீழ் வளைவு எனக்குத் திருப்தி இல்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இனி பெயிண்ட் உங்கள் வேலை. புட்டியில் இருக்கும் நீலத்தை அப்படியே அடிக்காமல், பெரியவளின் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் கலந்தால் நன்றாக இருக்கும். வண்டியில் என்ன இருக்கிறதோ அது பொம்மையிலும் இருக்க வேண்டும், அப்படியே இருக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம்.

மே முதல் ஞாயிறு எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் மாதிரிக் கார் கண்காட்சி. இருவர் சேர்ந்து செய்தவற்றுக்குத் தனி மேசைகள் போடுகிறார்கள். நம் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தவறு என்றால் எடுத்துவிடுகிறேன்.

பெரியவளின் இடது பக்கப் படங்கள் இருந்தால் அனுப்பவும். என்னிடம் இருப்பவை போன வருஷத்துப் படங்கள். இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கும்போது நீங்கள் வைத்துவிடுகிறீர்கள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 11

மச்சான்,

பெட்டி வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே போனேன். வெங்காயத்தில் கடைசியில் ஒன்றும் இருக்காது. இதில் கார் இருந்தது, நல்ல வேளை.

முதலில் உன் எறும்பு எழுத்தை மாற்று. கடிதத்தை உன் அக்காதான் படித்துக் காட்டுகிறாள். நடுநடுவே "பாவம் அவன்", "என்ன பொறுமை பாருங்க" என்று தன் சரக்கையும் சேர்க்கிறாள். எது நீ எழுதியது, எது அவள் ஏற்றியது என்று பிரிப்பதற்குள் எனக்குத் தலைவலி வருகிறது.

நாற்காலிக்கும் மேசைக்கும் வார்னிஷ் அடித்தே கடை நடத்தியவன் நான். எனக்குப் பகல் வெளிச்சத்தில் கலக்கச் சொல்லித் தருகிறாய். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்காதே, அளவுகோலே. பின்கதவு வளைவு நன்றாகத்தான் இருக்கிறது. நீ எதற்குத்தான் திருப்திப்பட்டிருக்கிறாய்?

கண்காட்சிக்கு வருகிறோம். பெரியவளிலேயே வருகிறோம், மலைப்பாதை வழியாக. சின்னவளை உன் அக்கா மடியில் வைத்துக்கொள்ளட்டும். பெரியவள் வாசலில், சின்னவள் மேசையில். பார்க்கிறவன் வெளியே போய்ப் பார்ப்பான், உள்ளே வந்து பார்ப்பான், வாயைப் பிளப்பான்.

தொல்லை ஒன்றே ஒன்று, உன் அக்கா. வண்டியில் ஏறினால் வாய் மூடுவதில்லை. "சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க. பச்சை, போங்க. இந்தப் பக்கம் சைக்கிள். முன்னால பள்ளம்." கிரிக்கெட் வர்ணனை தோற்றது. "ஏம்மா, எனக்குக் கண்ணு இல்லையா?" என்று கேட்டால், "சும்மா சொன்னேங்க" என்கிறாள். அவளை உட்கார வைத்து முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். இந்த வர்ணனை போன வருஷம்தான் ஆரம்பித்தது. வயசானால் பெண்களுக்குப் பயம் வந்துவிடுகிறது.

படங்கள் இத்துடன். எடுத்தவள் அவள்தான். அதனால் பாதிப் படத்தில் எங்கள் கேட்டும் பூந்தொட்டியும்தான் இருக்கின்றன.

அத்தான்


மார்ச் 19

அன்புள்ள அத்தான்,

எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். இது போதுமா என்று தெரியவில்லை.

படங்களைப் போன வருஷப் படங்களோடு ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டேன். இடது பக்கப் பார்வைக் கண்ணாடி இப்போது ஒட்டுநாடாவில் நிற்கிறது. முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவு வரை ஒரு கீறல். பின் சக்கரத்துக்கு மேலே ஒரு நசுங்கல். போன வருஷம் இவை இல்லை. அல்லது இருந்து, நான் கவனிக்காமல் விட்டேனா? உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நான் கேட்பது சட்டத்தைப் பற்றி மட்டும். அப்படியே என்றால் கீறலையும் நசுங்கலையும் சின்னவளிலும் செய்ய வேண்டும். பெயிண்டுக்கு முன்பே சொன்னால் உடலைத் திருப்பி வாங்கிச் செய்துவிடுவேன். வேறு எந்த அர்த்தத்திலும் கேட்கவில்லை. கேட்டதே தவறு என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடவும்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 27

மச்சான்,

பத்தியை விட்டுவிடச் சொல்லியிருக்கிறாய். உன் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

கண்ணாடியைக் கடைத்தெருவில் நிறுத்தியிருந்தபோது எவனோ உரசிவிட்டுப் போனான். கீறல் எங்கள் கேட் தூண் செய்த வேலை. அவ்வளவு குறுகலாகக் கேட் வைக்கச் சொன்ன முட்டாள் யார் என்று கேட்பாய். நான்தான். நசுங்கல் எனக்கே தெரியாது. நீ சொல்லித்தான் போய்த் தடவிப் பார்த்தேன்.

சின்னவள் மேடை ஏறப் போகிறவள். முகத்தில் தழும்போடு யாராவது மேடை ஏற்றுவார்களா? சட்டம் போட்டவன் நான், விலக்கும் நான்தான் கொடுப்பேன். இடது பக்கம் வழவழவென்றே இருக்கட்டும்.

பெயிண்ட் அடித்து முடித்துவிட்டேன். மூன்று பூச்சு, மேலே பளபளப்புக்கு ஒன்று. நாளைக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டு இரண்டு பக்கம் பாராட்டி எழுது, பெரிய எழுத்தில்.

அத்தான்


ஏப்ரல் 5

அன்புள்ள அத்தான்,

சின்னவள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். வேலை சுத்தம். ஒரு தூசி இல்லை, ஒரு வழிசல் இல்லை. கூரை ஓரத்தில்கூடப் பூச்சு சீராக இறங்கியிருக்கிறது. பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷை என் கையில் கொடுத்தால் இதில் பாதி வராது. இதை மனதாரச் சொல்கிறேன்.

இனி எழுதப்போவதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

என் கண்ணுக்கு அது நீலமாகத் தெரியவில்லை. காயாத சிமெண்டில் கொஞ்சம் பாசி கலந்தால் ஒரு நிறம் வருமே, அப்படித் தெரிகிறது. பெரியவளின் பெட்ரோல் மூடியை மாற்றியபோது பழைய மூடியை என்னிடம் கொடுத்தீர்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூடி நீலம். சின்னவள் வேறு.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நிறத்தில் உங்களுக்கு ஏதோ தப்பாகத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதே கண்ணால்தானே பெரியவளையும் பார்க்கிறீர்கள்? வண்டியும் தப்பாகத் தெரியும், பெயிண்டும் அதே அளவுக்குத் தப்பாகத் தெரியும். இரண்டையும் பொருத்தினால் முடிவு சரியாகத்தான் வர வேண்டும். ஆகவே தப்பு உங்களிடம் இருக்க முடியாது. மிச்சம் இருப்பது நான்தான். திங்கட்கிழமை கண் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 11

மச்சான்,

போ. நன்றாகக் காட்டு. இரண்டு கண்ணையும் காட்டு. பாசி பிடித்த சிமெண்டாம். உன் அக்கா அந்த வரியைப் படிக்கும்போது தொண்டையைச் செருமினாள். சிரிப்பை அடக்கியிருப்பாள்.

நான் எப்படிக் கலந்தேன் தெரியுமா? கலந்த பெயிண்டில் ஒரு சொட்டைப் பெரியவளின் பானெட் மேலேயே வைத்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். சொட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பொருத்தம். அப்புறம் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். இதைவிட என்னப்பா சோதனை வேண்டும்?

வெயிலில் வெளுத்த பழைய மூடியை வைத்துக்கொண்டு வாதாடாதே. கண்ணாடியை மாற்று, எல்லாம் நீலமாகும்.

அத்தான்


ஏப்ரல் 18

அன்புள்ள அத்தான்,

மருத்துவர் பார்த்தார். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, வயதுக்கு மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். சரியாகப் பார்த்தாரா என்று சந்தேகம் வந்து இன்னொரு மருத்துவரிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார்.

இத்துடன் மூன்று பிளாஸ்டிக் கரண்டிகள் அனுப்பியிருக்கிறேன். பெயிண்டைக் கரண்டி முதுகில் அடித்துப் பார்ப்பது நம் வழக்கம்தானே. கைப்பிடியில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு என்று அடையாளம் போட்டிருக்கிறேன். வெயிலில் பெரியவளின் மேல் வைத்துப் பார்த்து, எது சரியாகப் பொருந்துகிறது என்று மட்டும் எழுதுங்கள். அக்காவைக் கேட்காமல் நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். இது சின்ன வேலை. தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 24

மச்சான்,

உனக்கு வேலை இல்லை என்று தெரியும். இவ்வளவு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்று கரண்டியிலும் ஒரே பெயிண்டை அடித்து அனுப்பிவிட்டு எது பொருந்துகிறது என்று கேட்கிறாய். மூன்றும் ஒன்று. மூன்றும் பொருந்துகிறது. வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், உன் வெட்டுகளை விரலால் எண்ணியும் பார்த்தேன். இது என்ன விளையாட்டு? என் பொறுமைக்குப் பரீட்சையா?

உன் அக்கா வந்து மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லை, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. பாதி வாக்கியம் வெளியே வரும், மீதி தொண்டையில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். சாயங்காலம் உன் வீட்டில் இருப்போம். சின்னவளை நீயே வைத்திரு.

அத்தான்


ஏப்ரல் 26

அக்கா, இந்தக் கடிதத்தை நீதான் அவருக்குப் படித்துக் காட்டுவாய். எந்த இடத்திலும் நிறுத்தாதே. எதையும் விட்டுவிடாதே. "பாவம் அவன்" என்று நடுவில் சேர்க்காதே.

அன்புள்ள அத்தான்,

மூன்று கரண்டியும் மூன்று நிறம். ஒரு வெட்டு போட்டது பெரியவளின் நீலம், பழைய மூடியின் உள்பக்கத்தைப் பார்த்துக் கலந்தேன். அங்கே வெயில் பட்டதில்லை. இரண்டு வெட்டு வெறும் சாம்பல். மூன்று வெட்டு நீங்கள் சின்னவளுக்கு அடித்த நிறம். அனுப்புவதற்கு முன் எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் காட்டினேன். "மூணும் வேற வேற சார். இதுல என்ன சந்தேகம்?" என்றார். எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

என் வாதத்தில் இருந்த ஓட்டையை இரண்டாவது மருத்துவர்தான் காட்டினார். கண்ணில் புரை விழுந்தால் லென்ஸ் பழுத்துப் போகும். அது நிறத்தைத் தப்பாகக் காட்டுவதோடு நிற்காதாம். இரண்டு நிறங்களை ஒன்றாகக் காட்டிவிடுமாம். பானெட்டில் நீங்கள் வைத்த சொட்டு உங்களுக்குத் தெரியாமல் போனது பொருத்தத்தால் இல்லை, அத்தான். சாம்பல் சாலையையும், சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு அதைக் கடக்கிறவனையும் அந்தக் கண் அப்படித்தான் பார்க்கும்.

நான் பெயிண்டைப் பற்றி எழுதவில்லை. கண்ணாடி, கீறல், நசுங்கல் எல்லாம் இடது பக்கம். இடது பக்கம் உட்காருவது என் அக்கா. சிவப்பு, பச்சை, சைக்கிள், பள்ளம் என்று அவள் சொல்வது சும்மா இல்லை. ஒரு வருஷமாகப் பாதி வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். மலைப்பாதையில் அவள் ஒரு தடவை தும்மினால் என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் வாருங்கள். வரப் பிடிக்காவிட்டால் வர வேண்டாம், மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இனிமேல் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. புரையை அறுவை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதைச் செய்யும் வரையில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

வழக்கம்போலக் கடைசியில் "நான் தவறாகவும் இருக்கலாம்" என்று எழுதினேன். எழுதி அடித்துவிட்டேன்.

உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 29

படித்தாள். "இடது பக்கம் உட்காருவது என் அக்கா" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். "ஏன் நிறுத்தின? படி" என்றேன். படித்தாள். முடித்ததும், "உன் தம்பி என்ன உளறுறான்?" என்று கேட்டேன். "உளறலைங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் பேசுகிறது.

ஆக, அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைக் குருடனாக்கிவிட்டீர்கள். ஒருத்தி வர்ணனை செய்தே ஏமாற்றினாள். இன்னொருத்தன் நேரில் வந்து சொல்லத் துணிச்சல் இல்லாமல் பிளாஸ்டிக் கரண்டி அனுப்பி உளவு பார்த்தான். உனக்கு வாயே வராது என்று நினைத்திருந்தேன். வந்ததும் என் மேலேயே வருகிறது.

பெரியவளில்தான் வருவேன். உன் வாசலில், உன் சுவரில் உரசாமல் நிறுத்திக் காட்டுகிறேன். அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து நில்.


மே 9

அன்புள்ள அத்தான்,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அக்கா போனில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தேன். பஸ் நிலையத்திலிருந்து அக்கா கூப்பிட்டதும் ஓடி வந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். நீங்கள் "பெட்டியைப் பிடி" என்றீர்கள். பிடித்தேன். வரிசை மறந்துவிட்டது. கிளம்பும் வரைக்கும் என்னிடம் நீங்கள் பேசியது அது ஒன்றுதான்.

மற்ற எல்லோரிடமும் பேசினீர்கள். மேசைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "கதவெல்லாம் என் மச்சான் வேலை. ரெண்டு கதவை நாலாக்கியிருக்கான், கோடு தெரியுதா பாருங்க. வேலை தங்கம், ஆள்தான் சரியில்லை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நடுவர், "இது என்ன நிறம்?" என்று கேட்டார். அக்கா, "அவருக்குப் பிடிச்ச நிறம்" என்றாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். பரிசு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம். நீங்கள் போன பிறகு சின்னவளைப் பெட்டியில் வைக்கப் போனேன். பெட்டியின் அடியில் பெரியவளின் சாவி இருந்தது. அது தவறி விழுந்ததா, நீங்கள் வைத்ததா என்று தெரியவில்லை. பஞ்சு சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றியிருந்தது. தவறி விழுகிற சாவி செய்தித்தாள் சுற்றிக்கொண்டு விழாது என்று நினைக்கிறேன்.

மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னதாக அக்கா எழுதட்டும், அடுத்த நாளே சாவியும் சின்னவளும் உங்களிடம் வந்து சேரும். சின்னவளின் பெயிண்டை நான் தொடவில்லை. தொட மாட்டேன்.

உங்கள் மைத்துனன்


ஆகஸ்ட் 2

மச்சான்,

உன் பார்சல் வந்தது. கத்தியால் திறக்கவில்லை. கடிதத்தை நானே படித்தேன். உன் எழுத்தில் "பாவம் அவன்" எங்கேயும் இல்லை. அவ்வளவும் அவள் சரக்குதான்.

சின்னவளை வெளியே எடுத்து ஜன்னலில் வைத்தேன். "யாரு இந்தக் கண்றாவியை அடிச்சது?" என்று கேட்டேன். உன் அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைக் கூடத்தில், ஊரார் முன்னால், மேலே விளக்கைப் போட்டு வைத்திருந்தாயே, உனக்கு மானம் இல்லையா? உனக்கு இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கும் என்று தோன்றவில்லையா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சொன்னாய். தெரியும். சொன்ன விதம் போதாது. பாசி, சிமெண்டு, மூடி, வாதம், கரண்டி என்று மூன்று வாரம் இழுத்தாய். பஸ் ஏறி வந்து என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். கரண்டிகளை இப்போது பார்த்தேன். கைக்குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும்.

அப்புறம் ஷெட்டைத் திறந்து பெரியவளின் இடது பக்கம் போய் நின்றேன். நீ எழுதியது ஒரு கீறல், ஒரு நசுங்கல். படத்தில் பூந்தொட்டி மறைத்தது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. பூந்தொட்டியை அங்கே வைத்து எடுத்தவள் யார் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் அவள் உட்காருகிற பக்கம். ஷெட்டை விட்டு வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

சின்னவளின் பெயிண்டை உரித்துவிட்டேன். உடலை அனுப்புகிறேன். படங்களும் இருக்கின்றன, பூந்தொட்டி இல்லாமல், நானே எடுத்தவை. ஒவ்வொரு கீறலையும் கீறு, ஒவ்வொரு நசுங்கலையும் நசுக்கு. அப்படியே என்றால் அப்படியே. விலக்கு ரத்து. முடித்துத் திருப்பி அனுப்பு, நீலம் நான் அடிக்கிறேன். பெட்டிக்குள் ஒரு பெட்டி போதும்.

நேற்று உன் அக்காவை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வரை போனேன். கேட் தூணை உரசவில்லை. போகும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிள் வந்தது, பேசவில்லை. பள்ளம் வந்தது, பேசவில்லை. சிக்னலில் நின்றபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"வாயில என்ன, பூட்டா?" என்றேன்.

"உங்களுக்குத்தான் இப்பக் கண்ணு தெரியுதே" என்றாள்.

"தெரிஞ்சா என்ன? நீ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை விழுந்துடுச்சு, போங்க" என்றாள்.

பச்சைதான், மச்சான்.

அத்தான்